திறந்தால் மூடவும்: ஹெச்டிஎம்எல் கேள்வி-பதில்

பி.காம். மாணவி, தேனி: வெப் பேஜ் செய்யப் பழக என்ன சாஃப்ட்வேர் வாங்க வேண்டும்?

ஒரு பைசா செலவு வேண்டாம். விண்டோஸில் இருக்கும் நோட்பேட் போதும். ஆங்கிள் பிராக்கெட்டுக்குள் ஆங்கில எழுத்து 'பி', அடுத்து உங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி, கடைசியில் மறுபடி பிராக்கெட், அதற்குள் ஒரு சாய்கோடும் அதே 'பி'யும். ஒரு பத்தி தயார். சேமிக்கும்போதுதான் கவனம் வேண்டும். 'சேவ் ஆஸ்' பெட்டியில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றிவிட்டு, பெயரின் முடிவில் புள்ளி வைத்து ஹெச்டிஎம்எல் என்று கொடுங்கள். ஃபைலைத் தட்டினால் பிரவுசருக்குப் பதில் நோட்பேடே திறக்கிறதா? பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்றொரு வால் ஒட்டியிருக்கும். நறுக்குங்கள்.

இல்லத்தரசி, திருச்சி: "அதெல்லாம் புரோகிராமிங்கே இல்லம்மா" என்கிறான் என் மகன். நான் ஹெச்டிஎம்எல் படிப்பது வீணா?

மகன் சொன்னது சரி. சொன்ன தொனிதான் தப்பு. கணக்குப் போடுவதும் முடிவெடுப்பதும் ஹெச்டிஎம்எல்லின் வேலை இல்லை. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது அடுத்த பக்கத்துக்கு வழி என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் சொல்வதுதான் அதன் வேலை. அந்த அடையாளங்களுக்கு டேக் என்று பெயர். ஹெச்டிஎம்எல்லை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1991-ல் விவரித்த டேக்குகள் மொத்தமே 18. அவற்றில் இருந்த பத்தியும் தலைப்பும் இன்றைய பிரவுசரிலும் ஓடுகின்றன. மகன் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவனாக இருந்தால், அது எந்தப் பக்கத்துக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறது என்று அவனிடமே கேளுங்கள்.

பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்: எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் தலைப்பு ஆகிவிடாதா? ஹெச்1, ஹெச்2 டேக்குகள் எல்லாம் எதற்கு?

கண்ணுக்குத் தலைப்பு ஆகிவிடும். காதுக்கு ஆகாது. பார்வையற்ற வாசகர், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கிறார். என்விடிஏ என்று ஒன்று, ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவர்களே தொடங்கியது, இலவசம். அதில் 'ஹெச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். '2' தட்டினால் அடுத்த ஹெச்2. நீங்கள் செய்தித்தாளில் தலைப்புகளை மட்டும் மேய்ந்துவிட்டு, பிடித்த செய்தியில் நிற்கிறீர்களே, அந்த வசதி அவருக்கு இந்த டேக்கால்தான் கிடைக்கிறது. வெறும் பெரிய எழுத்தாகப் போட்டால் தாவ இடமில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரை கேட்டே தீர வேண்டும். படத்துக்கு 'ஆல்ட்' விவரம் எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். "தேர் வடம் பிடிக்கும் பெண்கள்" என்று நாலு வார்த்தை எழுத அரை நிமிடம் ஆகாது. அதை எழுதாமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது. அளவும் நிறமும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். பொருள் என்ன என்று சொல்வது உங்கள் பொறுப்பு.

கவிஞர், புதுக்கோட்டை: தமிழில் அடித்தேன். பிரவுசரில் தலையில் கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக வருகிறது!

உங்கள் கவிதை பத்திரமாக இருக்கிறது, பிரவுசர்தான் தப்பாகப் படிக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் 'அ' மூன்று பைட். 'கி' என்றால் 'க'வுக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு. எந்த முறை என்று பக்கம் சொல்லாதபோது பிரவுசர் ஊகிக்கிறது. ஊகம் தவறினால் ஒவ்வொரு பைட்டையும் ஒரு மேற்கத்திய எழுத்தாகக் காட்டும். தமிழ் எழுத்துகளின் முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால்தான் அந்தக் கோடு போட்ட 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறது. 'ஹெட்' பகுதியின் தொடக்கத்திலேயே 'மெட்டா சார்செட்' டேக்கில் யுடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஃபைலையும் அதே முறையில் சேமியுங்கள். அப்படியே ஹெச்டிஎம்எல் டேக்கில் 'லாங்' என்ற இடத்தில் மொழி தமிழ் என்பதற்கான 'டிஏ'வையும் போடுங்கள். தமிழ்க் குரல் இருக்கும் ஸ்கிரீன் ரீடர் உங்கள் கவிதையைத் தமிழாகவே வாசிக்கும்.

ஐடிஐ மாணவர், ஓசூர்: டேக்கை மூட மறந்தாலும் பிரவுசர் ஒன்றும் சொல்வதில்லையே?

ரொம்ப நல்லவர் அவர், தானே சமாளித்துக்கொள்வார். ஆனால் ஒரு வார்த்தைக்குப் போட்ட 'போல்ட்' டேக்கை மூடாமல் விட்டால் பக்கம் முடியும்வரை எல்லாம் தடியாகிவிடும். டபிள்யு3சி நடத்தும் இலவச வேலிடேட்டரில் ஒட்டிப் பாருங்கள். எந்த வரியில் கோளாறு என்று எண் போட்டே சொல்லும்.

ஸ்டூடியோ வைத்திருப்பவர், காரைக்குடி: நான் போட்ட படம் என் கம்ப்யூட்டரில் தெரிகிறது. நண்பருக்குப் பக்கத்தை அனுப்பினால் தெரிவதில்லை.

படம் பக்கத்துக்குள் இல்லை; படத்தின் முகவரிதான் இருக்கிறது. உங்கள் 'சி' டிரைவ் முகவரியை எழுதியிருப்பீர்கள். அது நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் எப்படி இருக்கும்? படத்தையும் பக்கத்தையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, டேக்கில் படத்தின் பெயரை மட்டும் எழுதி, ஃபோல்டரை முழுசாக அனுப்புங்கள். பெயரைச் சின்ன ஆங்கில எழுத்தில், நடுவே இடைவெளி விடாமல் வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பொருட்படுத்தாது. லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும், அங்கே ஏற்றியதும் படம் மறுபடி காணாமல் போகும்.