நாட்டுப்பாடகியின் புதுத் தொகுப்பும் தூத்துக்குடிக் காதுகளும்: ஒரு சல்லடை ஆய்வு

நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் கொஞ்சம் பெரிதாக ஆசைப்பட்டு, கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து ஒரு பாட்டுத் தொகுப்பை வெளியிட்டால் கேட்பவருக்கு என்ன ஆகிறது? பாடகரை ஆராய்ந்து முனைவர் ஆனவர்கள் உண்டு. பாட்டை ஆராய்ந்தவர்கள் அதைவிட அதிகம். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் பாட்டின் முதல் நிமிடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடும் மனிதரை மட்டும் ஆய்வுலகம் கண்டுகொள்ளவே இல்லை. அந்தப் பெருங்குறையை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களமாகத் தூத்துக்குடித் திரேஸ்புரம் கடற்கரைப் பக்கத்து டீக்கடை ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. காரணம் முழுக்க அறிவியல் சார்ந்தது: அங்கே டீ நன்றாக இருக்கும். கருவிக்கும் வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை. முத்துக் குளித்த காலத்தில் மன்னார் வளைகுடாவில் முத்துகளைத் தரம்பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். முதலாவதில் 20 துளை. அப்புறம் 30, 50, 80 என்று பெருகிக் கடைசியில் 1000 துளை. பெரியது மேலே தங்கும், சின்னது இறங்கிக்கொண்டே போகும். அதன் பிறகு வடிவமும் ஒளியும் பார்ப்பார்கள். இரண்டிலும் குறையே சொல்ல முடியாதது ஆணி. அடியில் சேர்வது தூள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோனதால் சல்லடைகளுக்கு வேலை இல்லை. கேட்போரைப் போட்டுச் சலிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தொகுப்பின் பெயரும் பாடகியின் பெயரும் நடுநிலை கருதி மறைக்கப்படுகின்றன. கடைக்காரரின் புளூடூத் ஸ்பீக்கரில் அது பாடத் தொடங்கியது. தாளம் சரியாக விழுவதற்குள்ளேயே முதல் மாதிரி கிடைத்துவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர், வாழைக்காய் பஜ்ஜியைப் பழைய பேப்பரில் வைத்து அழுத்தி எண்ணெய் எடுத்தபடியே சொன்னார்:

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா முந்தி மாதிரி இல்ல, பாத்தியளா?”

“முந்தி எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?”

“முந்தி நல்லா இருந்துச்சுல்லா!”

பஜ்ஜியை அவர் அழுத்திய நேரம், பாட்டைக் கேட்ட நேரத்தைவிடக் கூடுதல் என்பது குறித்துக்கொள்ளப்பட்டது.

அடுத்த சல்லடையில் தங்கியவர்கள் கருவி எதிர்ப்பாளர்கள். “நாட்டுப்பாட்டுல எதுக்குங்க கிட்டாரு?” என்று கேட்டவர், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவின் கிட்டாரைக் கேட்டே வளர்ந்தவர். ஆர்மோனியத்தின் மேல் அவருக்குப் புகார் இல்லை. அதுவும் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த பெட்டிதான் என்று எடுத்துச் சொன்னதும், “அது வந்து ரொம்ப நாளாச்சுல்லா” என்று அந்த இடத்திலேயே அதற்குக் குடியுரிமை வழங்கினார். இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது: தாத்தா காதில் விழுந்த கருவி நாட்டுக்கருவி, பேரன் கையில் இருப்பது அந்நியக் கருவி.

இந்த விஷயத்தில் முத்துக்குளித்துறைக்குப் பழைய அனுபவமே உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியர், இக்கரைக்கு பர்னாந்து, ரோச், மச்சாது, கோமஸ் என்று பெயர்களைக் கொடுத்தார்கள். அக்கரைக்குத் தாளத்தைக் கொடுத்தார்கள். போர்த்துக்கீசியமும் ஆப்பிரிக்கமும் கலந்த அந்தத் துள்ளலில் வளர்ந்ததுதான் இலங்கையின் பைலா. பாகப்பிரிவினையில் ஏமாந்தது யார் என்பதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும். எழுபதுகளில் நம் பங்கில் கொஞ்சம் திரும்பி வந்தது. ஏ.ஈ.மனோகரன், அதாவது நம்மூர்க்காரர்களுக்குச் சிலோன் மனோகர், ‘சுராங்கனி’ பாடினார். இலங்கை வானொலி தெளிவாக விழுகிற கரை இது. பாதிக்குமேல் சொல் புரியாவிட்டாலும் மீன் சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்பது புரிந்துவிட்டது. அது போதுமானதாக இருந்தது. 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜாவும் அதை எடுத்துக்கொண்டார். இன்று கல்யாண வீட்டு மெல்லிசைக் குழு அதை வாசிக்காமல் மூட்டை கட்டினால் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். பழைய பாட்டு அல்லவா!

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். மூன்றாவதாகச் சிக்கியவர் ஒரு படகு முதலாளி. பைபர் படகு, அவுட்போர்டு எஞ்சின், ஜிபிஎஸ், மீன் கூட்டம் பார்க்கும் கருவி என்று எல்லாம் வைத்திருக்கிறார். கரைவலை இழுக்கவும் துடுப்புப் போடவும் ஒரு காலத்தில் அம்பாப் பாட்டு இருந்தது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினால்தான் அத்தனை பேரின் மூச்சும் ஒரே நேரத்தில் கயிற்றில் இறங்கும். எஞ்சின் வந்ததும் மூச்சைச் சேர்க்கிற வேலை போயிற்று, கூடவே பாட்டும் போயிற்று. இதில் அவர்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. நாலு பேர் கை நோகத் துடுப்புப் போட்டதைக் காப்பாற்றி வைக்க யாருக்கு ஆசை வரும்? ஆனால் அதே மனிதர் பாடகியைப் பார்த்துக் கேட்கிறார்: “பழச அப்பிடியே பாடிட்டுப் போக வேண்டியதுதான?” தான் எஞ்சினில் போகலாம், பாடகி மட்டும் கட்டுமரத்திலேயே நனைந்துகொண்டு நிற்க வேண்டும், இவர் கரையிலிருந்து செல்போனில் படம் பிடிக்க வேண்டும். தான் விட்டுவிட்டு வந்த இடத்தில் வேறு யாராவது காவல் நின்றால் ஒரு நிம்மதி, அவ்வளவுதான் என்பது இக்கட்டுரையாளரின் தாழ்மையான கருத்து.

“இது ஒரிஜினல் இல்ல” என்ற தீர்ப்பும் இங்கே பலமுறை பதிவானது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே தூத்துக்குடியில், சிப்பிக்குள் சிறு மணியைப் பொருத்தி, உருண்டையான வளர்ப்பு முத்தை இந்தியாவில் முதன்முதலாக எடுத்தார்கள். அதை இயற்கை முத்திலிருந்து உறுதியாகப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நம் அண்ணாச்சிக்கு அந்தச் செலவு இல்லை.

உலக இலக்கியத்தையும் தொட்டுக்காட்டாவிட்டால் ஆய்வுக் கட்டுரைக்கு மரியாதை இருக்காது. 1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாப் டிலன் மின்கிட்டாரோடு மேடையேறினார். கூட்டத்தில் கூச்சல். பாட்டுக்கு எதிரான கூச்சலா, ஒலிபெருக்கி சரியில்லை என்ற கூச்சலா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. நம்மூர்க் கொடைவிழாவில் மைக்செட்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அன்றே தெளிந்திருக்கும். அடுத்த ஆண்டு மே 17 அன்று மான்செஸ்டரில் ஒருவர் டிலனைப் பார்த்து “யூதாஸ்!” என்றே கத்திவிட்டார். எங்கள் கரையில் தவக்காலத்தில் பாஸ்கு நாடகம் போடும்போது யூதாஸ் வேடத்துக்கு ஆள் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அங்கே காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய ஒருவர் அந்த வேடத்தை இலவசமாக வழங்கியிருக்கிறார். இன்னொரு வேடிக்கை, அந்த ஒலிப்பதிவு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்ததாகவே நெடுங்காலம் கள்ளத்தனமாக உலவியது. திட்டியவருக்குச் சொந்த ஊர்கூட மிஞ்சவில்லை.

பாட்டின் பொருளை எதிர்ப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, பா.ரஞ்சித் முன்னெடுப்பில், தென்மாவின் இசையில், கானாவையும் பறையையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றி, அதே ஆண்டு ‘மகிழ்ச்சி’ என்ற தொகுப்பையும் கொண்டுவந்தது. “பாட்டுல எதுக்கு அரசியல்?” என்று கேட்பவர்கள் இங்கேயும் உண்டு. சுடலைமாடன் கதை சொல்லிக்கொண்டிருந்த வில்லில் என்.எஸ்.கிருஷ்ணன் காந்தி கதையை ஏற்றியதையும், அவருக்கு வில்லுப்பாட்டு எழுதிக்கொடுத்த சத்திரம்புதுக்குளத்துச் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்ததையும் நினைவூட்டினால், “அது வேற, இது வேற” என்பார்கள். இதற்கு மேல் எந்தச் சல்லடையாலும் சலிக்க முடியாது.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஆய்வு நடந்துகொண்டிருந்தபோது, ஏலம் முடிந்து மீன் கூடையோடு வந்த அக்கா ஒருவர் கடை வாசலில் நின்றார். கூடையைக் கீழே வைக்காமலே ஒரு பாட்டு முழுவதையும் கேட்டார். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் தோளில் சொட்டியதை அவர் துடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும், “பாடுன பிள்ள எந்தூருங்க?” என்று கேட்டார். கடைக்காரர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி படகு முதலாளியைப் பார்த்தார். கிட்டார் எதிர்ப்பாளர் செல்போனைப் பார்த்தார். பாடியவர் பெயரே அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த அக்கா ஆணி ரகம் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் மற்ற தரவுகள் எல்லாம் ஒரே பக்கமாக அழகாகச் சேர்ந்திருக்கையில் இவர் ஒருவரால் கணக்கு கெடுவதால், அவருடைய பதிவு ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.