எங்கள் சபைக்கும் சட்டத்தரணி உண்டு

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்துக்குச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். இதிலென்ன அதிசயம்? இறம்பொடையில் நம்மை ஆளும் பிரதேச சபைக்கும் சட்டத்தரணி உண்டு. வித்தியாசம் வேலையில்தான். அங்கே நகரத்தின் சம்பளம் வாங்குகிறவர்கள் சனங்களுக்காகக் கம்பனிகள்மேல் வழக்குப் போடுகிறார்கள். அடிமையாக்கும் வலி மாத்திரைகளைக் கண்மூடி விற்றதாக வோல்கிறீன்ஸ் என்ற பெரிய மருந்துக்கடை நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2022இல் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. மறு வருஷம் 230 மில்லியன் டொலர் கட்ட அது சம்மதித்தது. இங்கே சபைச் சட்டத்தரணிக்குக் கடை வாடகைப் பாக்கிதான் பெரிய வழக்கு.

அவரைத் திட்டிப் பயனில்லை. தேயிலைத் தோட்டத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற சபை இது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டம் தனியார் இடமாம். சபைக் காசு உள்ளே வரக்கூடாதாம். வாக்குக் கேட்க மட்டும் தடையில்லை. லயம் லயமாக வந்தார்கள். கோயில் திண்ணையில் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். ஜெயித்தார்கள். பிறகு பாதை கேட்டால், "துரைகிட்ட கேட்டீங்களா?" என்றார்கள். நாம் தெரிவு செய்த உறுப்பினர், நாம் தெரிவு செய்யாத துரைக்கு முன்னால் கைகட்டி நிற்பதுதான் உள்ளூராட்சி.

அந்தப் பிரிவைத் திருத்த 2018 வரை சென்றது. 31 வருஷம். இதே இறம்பொடையில் மலையைக் குடைந்து 225 மீற்றருக்குச் சுரங்கப்பாதை போட்ட நாடு இது. நுவரெலியா பார்க்கப் போகிறவர்கள் சொகுசாகப் போகிறார்கள். பாறையைக் குடையத் தெரிந்தவர்களுக்கு ஒரு பிரிவைத் தொடத்தான் கை வரவில்லை.

வழக்குப் போடத் தெரியாத நாடு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தோட்டக் கம்பனிகளுக்கு நன்றாகத் தெரியும். 2021இல் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஓடின. 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபாய் என்றார் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. நாம் கைதட்டினோம். கம்பனிகள் கைதட்டி நேரத்தை வீணாக்கவில்லை, கோப்போடு கொழும்பில் நின்றன. ஜூலையில் உயர் நீதிமன்றம் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அது 1,350 ஆகச் சுருங்கி வந்தது. மேடையில் ஏறிய 350 ரூபாய் இறங்கும்போது காணாமல் போயிருந்தது. நமக்கு எதிராக வாதாடிய கறுப்புக் கோட்டுகளுக்கான கட்டணம் யார் பறித்த கொழுந்திலிருந்து போயிருக்கும்? அதைக் கேட்பது நாகரிகமில்லை. சந்தாவை மட்டும் மாதம் தவறாமல் பிடிக்கிற நம் தொழிற்சங்கத் தலைவர்களும் கேட்பதில்லை.

நீங்களே வழக்குப் போடலாமே என்பார்கள். போடலாம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. உரிமையை மீறியது அரச நிர்வாகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டக் காணி யாருடையது? அரசினுடையது. நடத்துவது யார்? குத்தகைக்கு எடுத்த கம்பனி. லயத்துக் கூரை ஒழுகினால் அரசு கம்பனியைக் காட்டும், கம்பனி அரசைக் காட்டும். மழைக்கு மட்டும் குழப்பமில்லை. நேராக நம் தலையில் இறங்கும்.

இன்னொன்று. உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். மலையகத்துக்கு 200 வருஷம் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தே காட்டினோம். அந்த ஒரு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது என்று சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும். கம்பனிகளுக்கு அந்த அவசரமெல்லாம் இல்லை. அவர்களுடைய குத்தகை 2045 வரை இருக்கிறது.