கோட்டு மாட்டிய காவடி: பைக் நன்கொடை ஊர்வலம் குறித்து ஒரு முன்னாய்வு

கையில் போன் இருந்தால் அரை நிமிடத்தில் முடிகிற காரியம், நன்கொடை அனுப்புவது. அதற்காக நூறு பேர் விடிவதற்கு முன் எழுந்து, கோட்டு மாட்டி, டை கட்டி, டேங்கை நிரப்பி, நூறு கிலோமீட்டர் போய்த் திரும்புவது ஏன்? இந்தக் கேள்வியை அறிவுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. கீழடியில் இன்னும் பைக் கிடைக்காதது ஒரு காரணமாக இருக்கலாம். அதுவரை பொறுத்திருக்க இவ்வாய்வாளனுக்குப் பொறுமை இல்லை.

ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது ‘டிஸ்டிங்குவிஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைட்’. 2012இல் சிட்னியில் மார்க் ஹவா என்பவர் தொடங்கியது. ‘மேட் மென்’ தொலைக்காட்சித் தொடரின் நாயகன் டான் டிரேப்பர், மடிப்புக் கலையாத சூட்டோடு பழைய பைக்கில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பைக்கில் கூட்டமாகப் போகிறவன் என்றாலே ரவுடி என்று ஊர் ஒதுங்குகிறதே, ஒருநாள் எல்லோரும் மாப்பிள்ளைக் கோலத்தில் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. முதல் வருஷமே 64 ஊர்களில் 2,500 பேருக்கு மேல் கிளம்பிவிட்டார்கள். நன்கொடை பின்னால் வந்து சேர்ந்தது: புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வுக்கும் ஆண்களின் மனநலத்துக்கும். பணம் போய்ச் சேரும் மூவெம்பர் அமைப்பு, 2003இல் மெல்போர்னில் 30 பேர் மீசை வளர்த்ததில் ஆரம்பித்தது. மீசை வளர்க்க ஒரு காரணம் வேண்டுமா என்று தமிழ் ஆய்வாளர்கள் கேட்கலாம். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

முதலில் தட்பவெப்பச் சிக்கலைப் பார்த்துவிடுவோம். தொடக்கத்தில் செப்டம்பர் மாதத்து ஞாயிறுகளில் நடந்த ஊர்வலம், 2021 முதல் மே மாதத்துக்கு மாறியது. சிட்னியில் மே என்றால் குளிர் எட்டிப்பார்க்கும் பருவம். கோட்டு உடம்புக்கு இதம். சென்னையில் அது அக்னி நட்சத்திரம். உலகம் முழுக்க ஒரே நாள் என்று விதி செய்தவர்களுக்குக் கத்திரி வெயில் தெரிந்திருக்க நியாயமில்லை. காலை ஏழு மணிக்குக் காலர் நனைகிறது. எட்டு மணிக்கு வெயிஸ்ட்கோட்டு முதுகின் தோலாகவே ஆகிவிடுகிறது. கோட்டுகளைப் பொறுத்தவரை, பெரும்பாலானவை கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தவை. வாழ்நாளில் இரண்டாம் முறையாக வெளிச்சம் பார்ப்பவை. பொத்தான் போடாமல் விடுவதுதான் ஸ்டைல் என்று தகவலாளிகள் ஒரே குரலில் சொன்னார்கள். பொத்தான் துளையை எட்டவில்லை என்பது களத்தில் கண்ட உண்மை.

அடுத்தது வண்டி. பழைய தோற்றம் கொண்ட பைக்குகளுக்கே இங்கே மரியாதை. இதில் சென்னைக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கூட்டுச் சேர்ந்த ஊர் இது. திருவொற்றியூர் ஆலையில் பிறந்த புல்லட் எத்தனையோ வீடுகளில் இன்னும் தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறது. அதை எழுப்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று குனிந்து பார்த்து, டிகம்ப்ரஷன் லிவரை இடது விரலால் பிடித்து, பிஸ்டனை உச்சியிலிருந்து ஓர் இம்மி இறக்கி, லிவரை விட்டு, உடம்பின் முழுக் கனத்தையும் சேர்த்து ஒரே உதை. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும். இத்தனையையும் டை தொங்க, நூறு பேர் பார்க்கச் செய்ய வேண்டும். நாலாவது உதையில் ஒருவர் டையைப் பல்லால் கடித்துக்கொண்டார். பக்கத்தில் புது வண்டிக்காரர் செல்ஃப் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போல வேறு பக்கம் பார்த்தார்.

இனி இயற்பியல். முன்னால் போகிறவர் லீட். கடைசியில் எல்லோரையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வருகிறவர் ஸ்வீப். நடுவே மார்ஷல்கள். ஒரே கோட்டில் போகக்கூடாது; ஒருவர் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். சாய்வாக முன்னால் இருப்பவருக்கு ஒரு விநாடி, நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு விநாடி இடைவெளி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது சுமார் 17 மீட்டர். ஆக நூறு பைக் ஊர்வலத்தின் நீளம் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 45 விநாடி பச்சை விளக்கு எரிகிற சிக்னலில், விநாடிக்கு ஒன்றாக 45 வண்டி தாண்டும். மிச்சம் 55 பேர் நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு ஷேர் ஆட்டோவும் புகுந்துகொண்டு, கடைசிவரை ஊர்வலத்தின் உறுப்பினராகவே வரும். ஒரு நிமிடம் நின்றவர்களுக்கும் நிற்காமல் போனவர்களுக்கும் இப்போது ஒரு கிலோமீட்டர் கூடுதல் தூரம். முன்னவர்கள் 60இலேயே போக, பின்னவர்கள் 80இல் விரட்டினால், மூன்று நிமிடம், நாலு கிலோமீட்டர் கழித்துத்தான் எட்டிப்பிடிக்கலாம். அதற்குள் அடுத்த சிக்னல் வந்துவிடும். ஆகவேதான் வண்டியை நிறுத்தியதும் லீட் “அறுபதைத் தாண்டவே இல்லை” என்பார்; ஸ்வீப் “எண்பதுக்குக் குறையவே இல்லை” என்பார். இரண்டு தரவும் உண்மை. அனுபவமுள்ள லீட் சிக்னல் தாண்டியதும் நாற்பதுக்கு இறங்கிவிடுவார். அனுபவமில்லாதவருக்குத் தலைவர் என்ற நினைப்பு வந்துவிடும்.

பொருளாதாரம் எளிது. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கிடைத்து, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், நூறு பேர் நூறு கிலோமீட்டர் போகக் கிட்டத்தட்ட 28,500 ரூபாய் புகையாகிறது. பொங்கல், வடை, காபி தனி. இந்தத் தொகையை நேரே கொடுத்துவிடலாமே என்பது ஒவ்வொரு பங்கேற்பாளரின் மனைவியும் தனித்தனியாகக் கண்டடைந்த முடிவு. அதைக் கணக்கால் மறுக்க முடியாது. மறுக்க வேண்டுமென்றால் திருப்பதிக்குத்தான் போக வேண்டும்.

மடிப்பிச்சையை நினைத்துப் பாருங்கள். வேண்டிக்கொண்டவர் வசதியானவராகவே இருப்பார். மாடி வீடு இருக்கும். ஆனாலும் மஞ்சள் துணி கட்டி, தெருவில் இறங்கி, நாலு வாசலில் ‘கோவிந்தா’ சொல்லிக் கையேந்துவார். முழுக்கச் சொந்தக் காசில் போனால் வேண்டுதல் சேராது என்பது நம்பிக்கை. இந்த ஊர்வலமும் அப்படியே. பதிவு செய்யக் காசு கிடையாது. ஆளுக்கொரு இணையப் பக்கம் தருவார்கள். அதை ஏந்திக்கொண்டு சொந்தபந்தம், நண்பர், ஆபீஸ் என்று கேட்டுப் போக வேண்டும். சும்மா கேட்டால் “பார்க்கலாம் மாமா” என்று நழுவும் மச்சான், கத்திரி வெயிலில் கோட்டோடு வியர்த்து நிற்கும் போட்டோ வந்ததும் ஐந்நூறு அனுப்புகிறான். இரக்கமோ, சிரித்ததற்குக் கூலியோ, பணம் வருகிறது. கேட்கிறவன் கஷ்டப்படுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கை தானாகப் பைக்குள் போகும். பழனிக்குக் காவடி எடுத்த ஊருக்கு இது புதுச் செய்தி அல்ல. அந்தக் கோட்டுதான் காவடி. பெட்ரோல் செலவைக் காணிக்கைக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

நிற்க, எந்தச் சாமிக்கு இந்தக் காவடி என்பதில் ஒரு தடுமாற்றம் உண்டு. புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சிறு சுரப்பி. வயதாக ஆகப் பெரும்பாலும் அது தானாகவே பருக்கும். இரவில் அடிக்கடி எழ வைக்கும். அது புற்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. புற்றோ தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கக்கூடும். எது எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதை ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசமாட்டார்கள். ஹெல்மெட்டுக்குள் பேசவே முடியாது. ஆகவே ஊர்வலத்தின் மருத்துவப் பகுதி முழுவதும், டீக்கடை ஓரத்தில், இரண்டு பேர் ஒரே சைலன்ஸரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பத்து நிமிடத்தில் நடக்கிறது. அப்படிப் பதிவான உரையாடல் ஒன்று, திருத்தம் இல்லாமல்:

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ராத்திரி எத்தனை தடவ எந்திரிக்கிறீங்க?”

“மூணு. சில நாள் நாலு. ஏன் தம்பி?”

“சும்மாதான். டாக்டரப் பாத்தீங்களா?”

“எதுக்கு? அதான் ஆயிரம் ரூபா கட்டிட்டேனே.”