நெதர்லாந்து வழியாக ஒரு சாரல்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டால், துபாயில் இருக்கும் மகனுக்குக் காட்ட அம்மா வரப்புக்கே போய்விடுவாள். வாட்ஸ்அப்பில் படம் போகும், குரல்பதிவும் போகும். கூப்பிட்டால் மட்டும் போகாது. அமீரகத்தில் அரசு அனுமதித்த செயலிகளில்தான் பேசலாம். மகன் விபிஎன் போடுவான். உடனே கைப்பேசி தான் நெதர்லாந்தில் இருப்பதாகச் சாதிக்கும். ஆள் என்னவோ சோனாப்பூர் தொழிலாளர் முகாமின் அடுக்குக் கட்டிலில்தான். விசா கேட்காத ஐரோப்பியப் பயணம்! குற்றத்துக்கு விபிஎன்னைப் பயன்படுத்தினால், அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை.

"எய்யா, சாரல் விழுது, தெரியுதா?"

"தெரியுதும்மா, சத்தந்தான் வரல."

சவூதி 2017-லேயே இணைய அழைப்புத் தடையைத் தளர்த்திவிட்டது. "அங்கயே வேல பாத்திருக்கலாம்லா" என்கிறாள் அம்மா, சம்பளத்தை வாட்ஸ்அப்தான் தருகிறது என்பதுபோல.