எழுவான்கரையில் ஒரு படுவான்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டு எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். மேற்கே வயலும் மாடுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் படும் பக்கம். பேர் வைத்த முன்னோர் சூரியனை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள், மனிதரைக் கவனிக்கவில்லை. படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவன் கோழி கூவ முன்னமே வரம்பில் நிற்பான். எழுவான்கரையிலோ, கல்லடியில் என் தங்கச்சி வீட்டு விறாந்தையில், நெஞ்சில் ஒரு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒருவர் பாயில் படுத்திருப்பார். அந்தப் புத்தகம் மனிதரை எழும்பச் சொல்லும் புத்தகமாய் இருக்கும்.

ஊர் அவரை 'முன்னேற்றம்' என்று அழைக்கும். "முன்னேற்றம் நிக்கிறாரா?" என்று படலையில் நின்று கேட்டால், "ஓம், படுத்திருக்கார்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். இந்த வகை மனிதர் இப்போது ஊருக்கு ஒருவர் உண்டு. ஏறாவூரில் ஒருவரைக் கண்டிருக்கிறேன். களுவாஞ்சிக்குடியில் இருவர், ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பவர்கள். எங்கள் வீட்டுக்கு வாய்த்தவர் எனக்கு மச்சான் முறை. ஆகவே கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தது.

வந்தாரைப் பாயோடு ஒட்ட வைக்கும் ஊர் என்று மட்டக்களப்புக்கு வெளியூர்களில் ஒரு பேர் உண்டு. மந்திரம் என்பார்கள், மூலிகை என்பார்கள். மச்சான் ஆரையம்பதியிலிருந்து கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். அவரைப் பாயோடு ஒட்ட வைத்த மூலிகைக்குச் 'சுயமுன்னேற்றம்' என்று பேர். அரைத்துக் குடிக்கத் தேவையில்லை, வாசித்தாலே பிடித்துக்கொள்ளும்.

உத்தியோகத்தில் அவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பட்டதாரிகளைத் தொகைதொகையாய் அந்தப் பதவிக்கு எடுத்த காலத்தில் உத்தியோகத்தர்கள் வந்து சேர்ந்தார்கள், கதிரைகள் வந்து சேரவில்லை. ஒரு மேசைக்கு மூன்று பேர் என்றிருந்த இடத்தில், அபிவிருத்தி செய்வதற்கு அவர் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது அவர் மட்டுமே. தொடங்கிவிட்டார்.

அவருடைய அலுமாரியைத் திறந்தால் உலகம் முழுதும் மனிதன் முன்னேற எடுத்த முயற்சி வரிசையில் நிற்கும். 1936இல் நண்பர்களைச் சம்பாதிக்க வழி சொன்ன டேல் கார்னகி, அடுத்த ஆண்டே நினைத்தால் பணக்காரனாகலாம் என்ற நெப்போலியன் ஹில், 1989இல் ஏழு பழக்கங்களோடு வந்த ஸ்டீபன் கவி, 1997இல் இரண்டு அப்பாக்களோடு வந்த ரொபேர்ட் கியோசாகி, 2018இல் பழக்கத்தை அணு அளவுக்குச் சுருக்கிய ஜேம்ஸ் கிளியர். எல்லாம் தமிழாக்கம். இந்தியாவிலிருந்து வருகிற புத்தகங்கள்; அட்டையில் உள்ள இந்திய விலையைக் கடைக்காரர் நாலால் பெருக்கிச் சொல்வார். பணக்காரனாவது எப்படி என்று அறிந்துகொள்ள முதலில் கொஞ்சம் பணக்காரனாய் இருக்க வேண்டியிருக்கிறது.

அடித்தட்டில் பழையவை. 1948இல் 'வாழ்க்கையில் வெற்றி' எழுதித் தமிழில் இந்தக் கடையை நடத்திய அப்துற் றஹீம். 'எண்ணங்கள்' எழுதிய எம்.எஸ். உதயமூர்த்தி, ஜேம்ஸ் ஆலனை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கிய வ.உ.சி. கப்பல் விட்டு, சிறையில் செக்கிழுத்த மனிதர் மனத்தின் வலிமையைப் பற்றி ஒரு புத்தகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு கனம் உண்டு. மச்சானுக்கும் அது தெரியும். அதனால்தான் அதை அடித்தட்டில் வைத்திருக்கிறார். கனமான சாமான் கீழே இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கீழே திருக்குறள். இந்தத் துறைக்கு வள்ளுவர் ஒதுக்கியது நான்கு அதிகாரம், 60 முதல் 63 வரை: ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை. ஆகமொத்தம் நாற்பது குறள், ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஊக்கத்தைப் பற்றிப் பத்துக் குறள் சொன்ன கையோடு சோம்பலைப் பற்றிப் பத்துக் குறள் வைத்தாரே, அங்கேதான் அவருக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது.

ஒரு நாள் மச்சான் குளிக்கப் போன நேரம் அலுமாரியை ஆராய்ந்தேன். அவர் மஞ்சள் மைப் பேனாவால் கோடிட்டு வாசிப்பவர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் பக்கத்திலிருந்து மஞ்சளோ மஞ்சள், வரிக்கு வரி ஞானம். முப்பதாம் பக்கத்தை அண்டியதும் மஞ்சள் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் தாள்கள் கடையிலிருந்து வந்த மேனிக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இருபத்துமூன்று புத்தகம் எடுத்துப் பார்த்தேன். ஒன்றைத் தவிர அத்தனையிலும் எல்லை அதே இடம். முன்னேற்றத்துக்கு முப்பது பக்கம் என்று இவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

முப்பது பக்கம் என்றாலும் அது பேச்சில் இறங்கிவிட்டது. 'ஏலாது' என்ற சொல்லை அவர் கைவிட்டு வருஷக்கணக்காகிறது. 'இன்னும் ஏலவில்லை' என்பார். "சீனி முடிஞ்சுது" என்று தங்கச்சி குசினியிலிருந்து சொன்னால், "முடிஞ்சுது எண்டு சொல்லாதே, இன்னும் வரல்ல எண்டு சொல்லு" என்று திருத்துவார். தேத்தண்ணி சீனியில்லாமலேயே வரும். பக்கத்து வளவுக்காரரின் மாடு காணாமற்போய் மனிதர் மூன்று நாளாய்த் தேடிக்கொண்டிருந்தபோது, "இதில நீங்க கற்றுக்கொண்டது என்ன?" என்று கேட்டவர் இவர். அந்த மனிதர் மாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் வீட்டு வழியாய் வருவதைத்தான் விட்டுவிட்டார்.

சௌகரிய வட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்று ஒரு புத்தகம் சொன்னது. அது அமெரிக்க ஆண்பிள்ளைக்கு எழுதிய புத்தகம். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனம். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுகிறவர். மச்சான் இராச்சாப்பாட்டு நேரத்தில், "நான் என்ட சௌகரிய வட்டத்தை விட்டு வெளியே போகப்போறன்" என்று அறிவித்தார். தங்கச்சி புட்டுக்கு மேல் சொதியை ஊற்றிக்கொண்டே, "போறதெண்டாப் போங்க. வீடு என்ட பேரில. திரும்பி உள்ள வாறதுக்கு என்னட்டக் கேக்கணும்" என்றாள். வட்டம் அன்றைக்கு அப்படியே இருந்தது.

பிறகு ஐந்து மணிக் காய்ச்சல் வந்தது. வெற்றி பெற்றவர்கள் எல்லாரும் விடிய ஐந்துக்கு எழும்புகிறார்களாம். அலாரம் மச்சானைத் தவிர வீட்டில் எல்லாரையும் எழுப்பியது. நான்காம் நாள் எழும்பி, முகம் கழுவி, புது மனிதனாய் வாவிக்கரைக்குப் போனார். அங்கே இரவு வலை போட்ட தோணிகள் கரை ஒதுங்கி, மீன் பிரித்து, ஏலமும் பாதி முடிந்திருந்தது. கண்டல் வேரில் காலைக் கழுவிக்கொண்டிருந்த வயசாளி ஒருவர் இவரைப் பார்த்து மிகுந்த கரிசனையோடு கேட்டாராம்: "என்ன தம்பி, ராவு நித்திரை வரல்லையா?" வெற்றியாளர் கொஞ்சம் இறாலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, பத்து மணிவரை தூங்கினார்.

பிரையன் ட்ரேசி என்பவர் 2001இல் தவளையைத் தின்னச் சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். நாளின் ஆகக் கஷ்டமான வேலையை முதலில் முடி என்பதுதான் பொருள். மச்சான் அதை விறாந்தையில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது, வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கள் அம்மம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "ஏன் மனே, வாவியில மீனில்லாமப் போச்சா?" என்றா. பாலாடைக்கட்டியை இடம் மாற்றியது யார் என்ற புத்தகத்துக்கும் அவவிடம் பதில் இருந்தது: "தயிர்ச்சட்டிய மூடி வைக்காட்டிப் பூனதான் நகத்தும்."

உள்ளே ஒலிக்கும் குரலைக் கேள் என்றது இன்னொன்று. நமது வாவியில் அதற்கு வசதி உண்டு. பழைய கல்லடிப் பாலத்தடியில், நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது தலைமுறை தலைமுறையாய் வருகிற சேதி. மச்சான் காதை வைத்தார். கண்ணை மூடினார். "கேக்குது… தம்பூராச் சுருதி மாதிரி…" என்றார். தோணிக்காரர் மேலே பார்த்தார். 2013இல் திறந்த புதுப் பாலம் பக்கத்திலேயே நிற்கிறது. "அது கல்முனை பஸ், தம்பி" என்றார்.

முப்பதாம் பக்கத்தைத் தாண்டிய அந்த ஒரு புத்தகம் கியோசாகியுடையது. அதை முடிக்க வைத்தது 2022. அரசாங்கத்திடம் டொலர் தீர்ந்து, பெற்றோல் தீர்ந்து, ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு என்று அறிவித்த ஆண்டு. மச்சான் மோட்டார் சைக்கிளோடு எண்ணெய் வரிசையில் இரண்டு இரவு கிடந்தார். பாய் இல்லை, மதில்தான். "என்ன வாசிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்க, பணக்காரனாவது எப்படி என்ற புத்தகம் என்று இவர் சொல்ல, வரிசை முழுதும் சிரித்தது. வாசியுங்கள், நாங்களும் ஆவோம் என்றார்கள். சட்டைப்பைக்குள் காசைக் கொண்டுவருவதுதான் சொத்து, பையிலிருந்து எடுத்துக்கொண்டு போவது கடன் என்ற இடம் வந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப எண்ணெயில்லாத என்ட பைக் எது?" அந்தக் கேள்வியில் வழக்கு ஒரு மணிநேரம் நடந்தது. வடமோடிக் கூத்துக் களரியில் நிற்கும் அண்ணாவியாரைப்போல மச்சான் நடுவில் நின்றார். யாரோ பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் முறைக்கு ஏழு பேர் இருக்கும்போது பெற்றோல் முடிந்துவிட்டது. அந்த வரிசையில் பழகியவர்கள் இன்றும் தெருவில் கண்டால் நிறுத்திச் சுகம் கேட்கிறார்கள். கார்னகியில் இவர் முப்பது பக்கம்தான் படித்திருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இப்போது அவரே ஒரு புத்தகம் எழுதப்போகிறார். கல்லடியில் சமாதி கொண்டிருக்கும் விபுலானந்த அடிகள் யாழ் நூலுக்கு 14 ஆண்டு உழைத்தார். 1947 யூனில் அரங்கேற்றி, யூலையில் கண்மூடினார். மச்சான் தன் நூலுக்கு 90 நாள் ஒதுக்கியிருக்கிறார். துன்பத்திலிருந்து மீண்டெழுந்தவர்களின் இரகசியம் என்பது பொருள். முதல் ஆளாய் அம்மம்மாவைப் பிடித்தார். 1978 நவம்பர் சூறாவளியை அவ கண்ட கதை எங்களுக்குத் தெரியும். மச்சானுக்குத் தத்துவம் வேண்டும். கொப்பியைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

"அம்மம்மா, வீடு போன அந்த நேரத்தில உங்கள இயக்கின சக்தி எது?"

"சக்தியா?" என்று வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினா. "கூர பறந்து போச்சு மனே. மழ விடல்ல. அஞ்சு புள்ளையளும் நனைஞ்சு கொண்டு நிக்குதுகள். வளவெல்லாம் தென்ன விழுந்து கிடந்துது. மறுகா என்ன, அந்த ஓலைய எடுத்துக் கிடுகு பின்னினன்."

"அதுக்கு முதல் என்ன நினைச்சீங்க?"

"எதுக்கு முதல்?"

மச்சான் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு அவ சொன்னதைச் சொன்னபடியே எழுதி, மஞ்சளால் கோடிட்டார். மூன்று வரிதான் வந்தது. 90 நாள் திட்டத்தில் இன்று வரை அந்த மூன்று வரிக்கு மேல் போகவில்லை. அவருடைய அலுமாரி முழுதிலும் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

போன மாதம் தங்கச்சி வீட்டில் ஓர் இரவு தங்கினேன். பதினொரு மணியிருக்கும். விறாந்தையிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மம்மா சாய்மனைக் கதிரையில். மச்சான் கீழே பாயில் கிடந்து, கைப்பேசி வெளிச்சத்தில், புத்தகத்தை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். பிடித்த வரிகளுக்குக் கை தன்பாட்டில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. அவவுக்குச் சில வருஷமாய் இரவில் நித்திரை இல்லை. இவர் வாசித்தால்தான் வருமாம். காலையில் தங்கச்சி சொன்னாள். வாசித்ததை அவ விடிய மறந்துவிடுவாவாம். அடுத்த இரவு, "புதுசா ஒண்டை முதல்ல இருந்து வாசி மனே" என்பாவாம். இவரும் அடுத்ததை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து தொடங்குவாராம்.

நான் எட்டிப் பார்த்த நேரம் மச்சான் 'விழித்தெழு' என்று தொடங்கும் ஓர் அத்தியாயத்தில் நின்றார். அதில் இரண்டு பக்கம் ஓடியது. அம்மம்மாவின் தலை ஒரு பக்கம் சரிந்தது. குறட்டை சுருதி சேர்ந்தது. அவர் வாசிப்பை நிறுத்தி, குரல் நின்றதில் அவ முழிக்கிறாவா என்று கொஞ்சம் பார்த்து, சேலைத் தலைப்பை இழுத்து அவவின் காலில் போர்த்துவிட்டார். பிறகு மஞ்சள் பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

எத்தனையாம் பக்கம் என்று நான் கேட்கவில்லை.