ஹெரிட்டேஜ் நானா

திகன சந்தியில் ஒருவர் நானாவிடம் "மணி எத்தன?" என்று கேட்டால், அவர் வெளியூர்க்காரர் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஊர்க்காரர்கள் கேட்பதில்லை. நானா சட்டைக் கையை ஏற்றுவார். கண்ணாடியில் ஊதித் துடைப்பார். பிறகு 1926 இலிருந்து தொடங்குவார். ரோலெக்ஸை ஆரம்பித்த ஹான்ஸ் வில்ஸ்டோர்ஃபுக்காக டியூடர் என்ற பெயர் பதிவான வருஷம் அது. கதை 1954 இன் சுழியோடி மணிக்கூட்டுக்கு வந்து சேர்வதற்குள் மகியங்கனை பஸ் போயிருக்கும்.

நானா கட்டியிருப்பது டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எயிட். 58 என்பது 1958. அந்த வருஷத்துப் 'பெரிய சாவி' மணிக்கூட்டைப் பார்த்துச் செய்தது. முள்ளுகளோ 1969 இல் வந்த சதுர மூக்கு முள்ளுகள். மணிக்கூடு பிறந்தது 2018. இப்படியொரு பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு போனால் கிராம சேவகர் கையெழுத்துப் போடமாட்டார்.

டயல் புள்ளிகள் பாலாடை நிறம். அந்தக் காலத்தில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியமும் ட்ரிட்டியமும் வருஷக்கணக்கில் கிடந்துதான் இப்படிப் பழுத்தன. இதுவோ கார்பைட் மாம்பழம். தொழிற்சாலையிலேயே பழுத்து வந்தது. உலோகப் பட்டியின் ஓரத்தில் ஆணித் தலைகள் தெரியும். அவை எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, பழைய பட்டியில் ஆணி இருந்ததை ஞாபகப்படுத்துகின்றன, அவ்வளவுதான். விலையைக் கேட்காதீர்கள். நானா சொல்லிவிடுவார்.

"இருநூறு மீற்றர் தண்ணி தாங்கும் மச்சான்!"

நமது விக்டோரியா அணையின் உயரமே 122 மீற்றர். நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கும் பழைய தெல்தெனியாவுக்கு இறங்கிப்போய் அங்கே மணி பார்த்துவிட்டு வரலாம், இன்னும் மிச்சம் இருக்கும். ஆனால் பள்ளியில் வுழு எடுக்கும்போது நானா அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். தொழுகை நேரத்தைப் போனில்தான் பார்ப்பார்.

நானாவின் வாப்பாவும் மணிக்கூடு கட்டுகிறவர்தான். சவூதியில் வேலை செய்தபோது வாங்கிய சீக்கோ ஃபைவ். கண்ணாடியெல்லாம் கீறல். புள்ளிகள் யாரும் பழுக்கவைக்காமல் தாமாகவே மஞ்சளானவை. 1996 மே மாதம், நாட்டில் மின்சாரப் பஞ்சம் வந்து, அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பிக் கொடுத்தது. வாப்பா சாவியைத் தொடவே இல்லை. "அணையில தண்ணி கொறஞ்சா அதுக்கு என்ட மணிக்கூடு என்ன செய்யும்?" என்றார். 2006 ஏப்ரலில் அரசாங்கமே வாப்பாவின் நேரத்துக்கு வந்து சேர்ந்தது.

இந்தக் கதையை நானா யாருக்கும் சொன்னதில்லை. "வாப்பா, அத கழட்டுங்க, பாக்க ஒரு மாதிரி ஈக்கி" என்று மட்டும் சொல்லி வந்தார். போன மாதம் கண்டியில் யாரோ ஒருவர், பழைய சீக்கோவுக்கெல்லாம் இப்போது நல்ல விலை என்று சொல்லிவிட்டார். அன்று இரவே நானா வாப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வாப்பா, இதுட பெட்டி, பேப்பர் எல்லாம் ஈக்கா?"

"பெட்டி ஈக்கி. உம்மாட ஊசி, நூலெல்லாம் அதுலதான் ஈக்கி. கேட்டுப் பாரு, தருவாவான்டு."