சுண்டிய காசும் மூடிய சுரங்கமும்

அளவுசார் நிதியியல் முதுகலைப் படிப்புக்கான நேர்காணல் பெரும்பாலும் பூவா தலையாவில்தான் தொடங்கும். அடுத்தடுத்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? 6. தலையும் உடனே பூவும் விழ? 4. காசு யாருடையது என்று கேட்பவருக்கு இடம் கிடைக்காது.

அடுத்து ஆப்ஷன். அது உரிமை, கடமையல்ல. விலை எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு மதிப்பு. இதற்கு உதாரணம் கேட்டால், கோலார் தங்கவயலின் கோரமண்டலிலிருந்து வருபவர் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. சுரங்கமே ஓர் ஆப்ஷன்தான்: விலை ஏறினால் தோண்டலாம், இறங்கினால் நிறுத்திவைத்துக் காத்திருக்கலாம். நிதியியல் ஆய்வாளர்கள் பிரென்னனும் ஷ்வார்ட்ஸும் 1985-இல் ஒரு கட்டுரையில் இதைச் சமன்பாடுகளாகவே எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டுரை டெல்லிக்குப் போய்ச் சேரவில்லை போலும். செலவு கட்டுப்படியாகவில்லை என்று 2001 பிப்ரவரி 28-இல், கோலார் சுரங்கங்களை நடத்திய மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது தங்கம் அவுன்ஸுக்கு 270 டாலர்கூட இல்லை. இருபதாண்டு அடிமட்டத்தை ஒட்டிய விலை. 2011-இல் அது 1,900-ஐத் தாண்டியது. அதற்குள் பம்புகள் நின்று, 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியிருந்தது. தேர்வுக் குழு இதை ‘காலாவதி’ என்று குறித்துக்கொள்ளும்.

கடைசிக் கேள்வி, ‘நிச்சயமின்மையைச் சமாளித்த அனுபவம் உண்டா?’ என்பது. விடியற்காலையில் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம், உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டாலே போதும்.